பெங்களூருவில் ஆல் வீல் டிரைவ் குடும்பக் கார் வாங்குவோருக்கு: எஞ்சினிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூருவில் வேலை நிலைத்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கி, ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்து தங்கிப் போகிற நிலை வந்ததும் சின்னக் கார் போதாமல் போகிறது. அடுத்தது பெரிய வண்டியாக இருக்கட்டும், மலைக்கும் மழைக்கும் அசராமல் போகட்டும், நான்கு சக்கரமும் இழுக்கிற (ஆல் வீல் டிரைவ்) வண்டியாகவே வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழும். அந்தக் கட்டத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் நாட்டுச் சந்தையில் இழுவையையும் எஞ்சினையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், எந்த எஞ்சின், எந்த கியர், எந்த விலை என்பதையெல்லாம் நிறுவனம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும். அதனால்தான் எஞ்சினிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நான்கு சக்கர இழுவை ஆண்டில் சில நாட்கள் உதவும். எஞ்சினோடு நீங்கள் தினமும் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க வேண்டும்.

முதல் படி: போகிற சாலைகளை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் கடந்த ஓராண்டில் கார் போன இடங்களை எழுதிப் பாருங்கள். பெங்களூருவில் வசிக்கும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் பட்டியல் ஒரே மாதிரிதான் இருக்கும். வாரநாட்களில் அலுவலகம், பள்ளி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாகச் சேலம். அங்கிருந்து கோவைக்கோ மதுரைக்கோ. கோடையில் ஊட்டி, ஏற்காடு, குடகு.

இவற்றில் எதற்கு நான்கு சக்கர இழுவை தேவை? ஓசூர் முதல் சேலம் வரை நல்ல நெடுஞ்சாலை. தொப்பூர் கணவாய் ஆபத்தான இடம்தான். ஆனால் அங்கே விபத்துகள் நடப்பது நீண்ட இறக்கத்தில் பிரேக்கும் வேகமும் கைமீறுவதால்; இழுவை போதாததால் அல்ல. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலையின் 70 வளைவுகளும், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளும் தார்ச்சாலைகளே. டயர் நன்றாக இருந்தால் முன்சக்கர இழுவைக் கார் அத்தனையும் ஏறிவிடும். பஸ்கள் ஒரே ஒரு அச்சின் இழுவையில்தான் அங்கே நாள்தோறும் ஏறி இறங்குகின்றன.

தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. குடகிலோ வால்பாறையிலோ சிக்கமகளூரிலோ எஸ்டேட்டுக்குள் அடிக்கடி போகிறவர்கள், ஊரில் தோப்புக்கு மண்பாதையில் போகிறவர்கள், ஆகும்பே, சார்மாடி பக்கம் ஆடி மழையில் பயணம் செய்கிறவர்கள். இவர்களுக்கு அது வீண் செலவு அல்ல. உங்கள் தாளில் இப்படிப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் கூடுதல் பாதுகாப்பு வசதிகள் கொண்ட மாடலுக்கும் செலவிடுங்கள் என்பதே என் கருத்து.

இரண்டாம் படி: அது எதைச் செய்யும், எதைச் செய்யாது

குடும்பக் கார்களில் வரும் ஆல் வீல் டிரைவ் பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குகிறது. சாதாரண நேரத்தில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும். பின் அச்சுக்கு அருகே தகடுகளால் ஆன ஒரு கிளட்ச் இருக்கிறது. முன்சக்கரம் வழுக்குவதை உணரிகள் கண்டதும் அந்தத் தகடுகள் இறுகி, எஞ்சினின் விசையில் ஒரு பகுதி பின்சக்கரங்களுக்குப் போகும்.

குடகின் செம்மண் ஏற்றம் ஒன்றில் மழை விட்ட மறுநாள் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏற்றத்தில் நின்றுவிட்ட காரின் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தால் முதலில் முன்டயர் அரைச் சுற்று வெறுமனே சுழலும், சேறு பின்னால் தெறிக்கும். அடுத்த கணம் பின்பக்கத்திலிருந்து யாரோ தள்ளிவிட்டது போல் வண்டி நகரும். முன்சக்கர இழுவைக் கார் அதே இடத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். காலை அழுத்த அழுத்தப் பள்ளம் ஆழமாகும்.

ஆனால் பிரேக் மிதிக்கும்போது இந்த அமைப்பால் எந்தப் பயனும் இல்லை. எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு. ஈரச் சாலையில் வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதை டயர்தான் தீர்மானிக்கிறது. ஈரத்தில் எளிதாக வேகம் எடுக்க முடிவதால் நிற்கவும் முடியும் என்று நினைத்துவிடுவதுதான் புதிதாக வாங்கியவர்களுக்கு நேரும் ஆபத்து.

வெள்ளத்திலும் அது துணைக்கு வராது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர் பகுதிகள் மூழ்கியபோது விலையுயர்ந்த கார்களும் தண்ணீரில் நின்றன. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் நுழைந்தால், சிலிண்டருக்குள் அதை அழுத்த முடியாமல் உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது சேதத்தைப் பெருக்கும். வழக்கமான முழுக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டைச் சேர்த்து எடுங்கள். பெங்களூருவில் இது அவசியம்.

மகிந்திரா ஸ்கார்பியோ-என், டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் வருவது வேறு அமைப்பு. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் இயங்கும். தேவைப்படும்போது ஓட்டுநரே நான்கு சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். கரடுமுரடான ஏற்றத்துக்கென்று குறைந்த வேக கியர் தொகுதியும் உண்டு. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தில் வைத்து வளைவுகளில் திருப்பினால் அச்சுகளுக்கு இடையே இறுக்கம் ஏறி பாகங்கள் பழுதாகும். பாறையும் ஆற்றுப்படுகையும் கடக்கிறவர்களுக்கு இது அருமையான வண்டி. மழையில் வழுக்காமல் போனால் போதும் என்கிற குடும்பத்துக்குத் தானாக இயங்கும் அமைப்பே ஏற்றது.

ஸ்டேஷன் வேகன் கிடைக்குமா?

வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் இதைக் கேட்பார்கள். தாழ்வான உடல், நீண்ட டிக்கி, நான்கு சக்கர இழுவை. குடும்பத்துக்கு அதைவிட அறிவார்ந்த வடிவம் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தியாவில் அது வேரூன்றவில்லை. டாடா எஸ்டேட் 1992இல் வந்தது. பலீனோ ஆல்ட்டுரா, இண்டிகோ மெரினா, ஆக்டேவியா காம்பி என்று பலரும் முயன்றார்கள். சுபாரு ஃபாரஸ்டர் இங்கே செவர்லே பெயரில் சில ஆண்டுகள் விற்றது. 2017இல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி 60 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது; 235 குதிரைத்திறன் டீசல், நான்கு சக்கர இழுவை. பழைய கார் சந்தையில் எப்போதாவது ஒன்று கண்ணில் படலாம். உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதைச் சர்வீஸ் நிலையத்தில் நேரில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்கு அந்த இடத்தை இன்று எஸ்யூவிகள் பிடித்துக்கொண்டன.

மூன்றாம் படி: எஞ்சின்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் தோராயமாக ஒரு சதவீதம் சக்தியை இழக்கிறது. சென்னையில் ஓட்டிப் பார்த்து நன்றாக இருந்த வண்டி இங்கே சற்றுச் சோம்பலாகத் தெரிவது இதனால்தான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மாருதி கிராண்ட் விட்டாராவைப் பாருங்கள். அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடருக்கும் இதே கணக்குப் பொருந்தும். இரண்டும் பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையில்தான் தயாராகின்றன. ஆல் வீல் டிரைவ் கேட்டால் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வரும்: 103 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அறிமுகத்தில் மேனுவல் கியரோடு மட்டும் வந்தது. பிறகு ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. நான்கு பேர், பைகள், ஏசி என்று ஏற்றத்தில் போனால் இரண்டாம் கியரில் எஞ்சின் இரையும். லாரியை முந்த நினைக்கும்போது முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருக்கும். அவசரமில்லாத கைக்கு அது பெரிய குறையல்ல. எளிய எஞ்சின், குறைந்த பராமரிப்பு, எல்லா ஊரிலும் சர்வீஸ். எஸ்டேட் பாதைக்கு இந்த விலையில் நல்ல துணை.

அதே கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) முன்சக்கர இழுவை மட்டுமே. நிறுவனம் சொல்லும் மைலேஜ் அதற்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், அறிமுகத்தில் வந்த ஆல் வீல் டிரைவ் மேனுவலுக்கு 19.38. சாலையில் இரண்டும் குறையும் என்றாலும் இடைவெளி இருக்கும். நெரிசலில் ஹைப்ரிட் பெரும்பாலும் மின்மோட்டாரிலேயே ஊர்ந்துவிடுவதால் இன்னும் கூடும். வெளிவட்டச் சாலையில் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு நான் ஹைப்ரிட்டைத்தான் சொல்வேன், டிக்கியின் தரைக்கடியில் பேட்டரி இடம் பிடித்துக்கொண்டாலும்கூட.

அடுத்தது டீசல். ஏழு பேர் உட்காரும் ஆல் வீல் டிரைவ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மகிந்திரா எக்ஸ்யுவி 700. செங்கல்பட்டில் இருக்கும் அந்த நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் உருவாகி 2021இல் வந்து, 2026 தொடக்கம் வரை அந்தப் பெயரில் விற்ற வண்டி. அதில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் 200 குதிரைத்திறன் கொண்டது, ஓட்டுவதற்கு இன்பமானது. ஆனால் அதற்கு ஆல் வீல் டிரைவ் கிடையாது. டீசல் ஆட்டோமேட்டிக்குக்குத்தான் உண்டு: 185 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்குவிசை எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 சுற்று சுழலும்போதே கிடைத்துவிடுவதால் நிறைந்த வண்டி திம்பம் ஏறும்போதும் எஞ்சின் கத்தாது. ஜீப் மெரிடியனிலும் இதே கதை: நான்கு சக்கர இழுவை 170 குதிரைத்திறன் டீசல் ஆட்டோமேட்டிக்கோடு மட்டும். ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர் இரண்டிலும் பெட்ரோலுக்கு நான்கு சக்கரம் இல்லை. ஆகப் பெரிய குடும்ப வண்டியில் நான்கு சக்கரம் என்றால், ஸ்கோடா கோடியாக் போல விலை மிக உயர்ந்த டர்போ பெட்ரோல் வண்டிகளை விட்டுவிட்டால், ஏறக்குறைய டீசல்தான்.

டீசலுக்கு ஏற்ற வாழ்க்கை உங்களுக்கு இருக்கிறதா என்பதை நேர்மையாகப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது சூடேற்றி எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, இருபது நிமிடம் போல நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து கோரமங்கலாவுக்கு ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்து போய்த் திரும்பும் காருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, கடைசியில் சர்வீஸ் நிலையத்தில் போய் நிற்கும். விளக்கு எரிந்தவுடன் ஓசூர் மேம்பாலச் சாலையைப் பிடித்து அத்திப்பள்ளி வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் சரியாகும். மாதம் ஒருமுறையாவது சேலத்துக்கோ மைசூருக்கோ போகிற வீட்டுக்கு டீசலைப் போல வேறில்லை. ஆண்டு முழுவதும் நகருக்குள்ளேயே இருப்பவர் விலகிவிடலாம். சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். வாங்கும் வண்டியில் அது உண்டா என்று கேளுங்கள்.

மின்சாரம் இந்தக் கணக்கைப் புதிதாக எழுதியிருக்கிறது. 2025இல் வந்த டாடா ஹாரியர் மின்சாரக் காரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள் கொண்ட வகை உண்டு. நடுவே தண்டு இல்லை, கிளட்ச் இல்லை. எந்த அச்சுக்கு எவ்வளவு என்பதைக் கணினியே கணப்பொழுதில் பிரிக்கிறது. இதே பெயரின் டீசல் வண்டிக்கு முன்சக்கர இழுவை மட்டும்தான். உயரம் ஏறினாலும் மோட்டாரின் சக்தி குறையாது. மலை இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். ஒரு நுணுக்கம்: மலையுச்சி விடுதியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால் அந்தப் பிடிப்பு குறைந்து, பிரேக்கையே நம்பி இறங்க வேண்டியிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் நிறுத்துமிடத்துக்கு சார்ஜர் போட சங்கத்தின் அனுமதி எழுத்தில் கிடைத்த பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

நான்காம் படி: டெஸ்ட் டிரைவ்

விற்பனையாளர் காட்டும் நேர்ச்சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வீட்டில் யார் யார் வழக்கமாகப் பயணம் செய்வார்களோ அவர்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங் சரிவில் இறங்கி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். டர்போ இல்லாத எஞ்சினின் உண்மை நிலை அங்கே தெரிந்துவிடும். எக்ஸ்யுவி 700 போல 4.7 மீட்டர் நீளமுள்ள வண்டி உங்கள் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்பதும் தெரியும்.

அம்மாவோ மாமியாரோ தனியே ஏறி இறங்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கதவின் மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உயர்த்தும்போதே படியின் உயரம் சரியா என்பது முகத்தில் தெரியும். மூன்றாம் வரிசையில் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து வேகத்தடைகள் மேல் ஓட்டுங்கள். அந்த வரிசையை நிமிர்த்திவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். ஏழு பேர் ஊருக்குப் போகும் நாளில் ஏழு பேரின் பைகளுக்கு அங்கே இடம் இருக்காது.

ஐந்தாம் படி: பணமும் பதிவும்

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட இந்த எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5. அதற்கு மேல் கர்நாடகத்தின் ஆயுள் வரி. பெட்ரோல், டீசல் கார்களுக்கு 10 முதல் 20 லட்சம் வரை 17 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம். அந்த வரியின் மீது 11 சதவீதக் கூடுதல் வரி. 20 லட்சத்தைத் தாண்டினால் ஷோரூம் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரிக்கே போகும். ஆல் வீல் டிரைவ் பெரும்பாலும் உயர்ந்த மாடலில் மட்டும் வருவதால், அது உங்களை அடுத்த வரிப்படிக்குத் தள்ளுகிறதா என்று பாருங்கள். கிராண்ட் விட்டாரா 2022இல் வந்தபோது அதே மாடலின் முன்சக்கர வகைக்கும் இதற்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம் இருந்தது. அந்தத் தொகைக்கும் வரி உண்டு.

ஊர் முகவரியில் தமிழ்நாட்டில் பதிவு செய்தால் மிச்சம் என்ற யோசனை இனிப் பயன் தராது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டிலும் 10 முதல் 20 லட்சத்துக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தவிர, மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். இங்கே வசிக்கிறவர் இங்கேயே பதிவு செய்துகொள்வது நிம்மதி.

ஆறாம் படி: டெலிவரி நாளில்

ஆல் வீல் டிரைவ் காரில் நான்கு டயர்களும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம் கொண்டவையாக இருக்க வேண்டும். ஒரு டயர் புதிது, மூன்று பழையது என்றால் அவற்றின் சுற்றளவு வேறுபடும். முன் அச்சும் பின் அச்சும் வேறு வேகத்தில் சுழல்வதாகக் கணினி எடுத்துக்கொண்டு அந்தத் தகட்டுக் கிளட்சை ஓயாமல் வேலை வாங்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது. நான்கையும் குனிந்து படியுங்கள், ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி அளவில் சிறியதாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஊர்வரை ஓட்டக்கூடாது; பஞ்சர் கடை வரைக்கும்தான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும்வரை சட்டம் அனுமதிக்கிறது. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

வழியில் வண்டி நின்றுவிட்டால் முன்சக்கரங்களை மட்டும் தூக்கி, பின்சக்கரங்கள் சாலையில் உருள இழுத்துச் செல்ல விடாதீர்கள். தகட்டுக் கிளட்சும் பின் அச்சும் பழுதாகும். சாலை உதவி எண்ணை அழைக்கும்போதே ஆல் வீல் டிரைவ் என்று சொல்லி, நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான லாரியை அனுப்பச் சொல்லுங்கள். காரை வழக்கமாக ஓட்டுகிற ஒவ்வொருவரின் கைபேசியிலும் அந்த எண் இருக்கட்டும்.